கைலியை இறுக்கிக் கட்டுங்க, சாமி

கல்லறைத் திருநாள் பூசை முடிந்து கோவிலுக்குப் பின்னால் கோப்பியும் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் கொடுக்கும்போது யாராவது ஒருத்தர் என் தோளைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். "ஐயா, அந்தக் கைலிக் கதையைச் சொல்லுங்க லா. இவரு புதுசு, கேட்டதில்ல." நானும் சொல்லுவேன். கூட்டம் சிரிக்கும். பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு இரண்டாவது கறிபாப் கிடைக்கும்.

நாற்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிக் கறிபாப் தின்றுகொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட முதலிலிருந்து சொன்னதில்லை.

முதலிலிருந்து என்றால் முந்திரிக்கொட்டையிலிருந்து.

ஜப்பான்காரன் காலம். உலு திராமைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒரு கௌரவத்துக்குச் சொல்கிறேன். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பாதி மரம் சும்மா நின்றது, நாங்கள் நடுவில் மரவள்ளி நட்டுத் தின்றோம். எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. கோமாளிக்குப் பெண் கொடுத்தால் ஊர் நம்மையும் சேர்த்துச் சிரிக்கும் என்று பெண் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவில் இருந்தார்கள்.

தவக்காலத்தில் கோவிலில் பாடுகளின் நாடகம் போடுவோம். அதில் வருஷா வருஷம் நான்தான் இடது பக்கத்துக் கள்ளன், ஆண்டவரைப் பார்த்துக் கேலி பேசுகிறவன். ஜனங்கள் நடுச் சிலுவையைப் பார்த்து அழுவார்கள், என் சிலுவையைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு வருஷம் எனக்கு வலது பக்கத்துக் கள்ளன் வேஷம் கேட்டுப் பார்த்தேன். "நீ மனந்திரும்பினா யாருடா நம்புவா?" என்றார் சாமி.

சாமி என்றால் எங்கள் பங்குச் சாமியார். தென்கோடிக் கடற்கரைக்காரர். மெலிந்து, கறுத்து, வெள்ளை அங்கிக்குள் ஒரு தடியைச் சொருகி வைத்த மாதிரி இருப்பார். டியூப் கிடைக்காத காலம் அது. சைக்கிள் டயருக்குள் கயிற்றைத் திணித்து ஓட்டுவார், சாலையில் அவர் வருவது அரை மைல் முன்னாலேயே கடகடவென்று கேட்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸ்சர் ஜொகூர் பாருவுக்கு மருந்து வாங்கப் போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு தினமும் காலையில் கோவில் வாசலில் சாமியே புண் கழுவ உட்கார்ந்தார். மருந்து, கொய்யா இலை போட்டுக் காய்ச்சிய உப்புத் தண்ணீர். எங்கள் ஆட்கள், மாரியம்மன் கோவில் ஆட்கள், காய்கறி போடும் சீனன், பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். "புண்ணுக்கு மதம் கிடையாதுடா. நாத்தம் மட்டும்தான் உண்டு" என்பார்.

முந்தின வருஷம் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டம் சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருந்தது. மூன்று மாசம், நல்ல சம்பளம், அரிசி என்று சொல்லி அழைத்துப் போனார்கள். ஒரு ஆளும் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. அடுத்த லிஸ்டு வந்தபோது யாரும் அரிசியைப் பற்றிப் பேசவில்லை. காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி ஐயா பெயர்களை மட்டும் படித்தார். என் பெயரும் வந்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஏதாவது சொல்வேன் என்று.

"ஐயா, சயாம்ல என்னை மாதிரி ஒல்லிக்குக் கால்சட்டை கிடைக்குங்களா?" என்றேன்.

சிரித்தார்கள்.

நடக்க முடியாத அளவுக்குக் காலில் புண் இருந்தால் மட்டும் லிஸ்டிலிருந்து பெயரை அடிப்பார்கள். நாலு நாள் கழித்து, சாமி புண் கழுவும் நேரத்தில் பெரிய கிராணி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஸ்டோருக்குப் பின்னால் ஒரு முந்திரி மரம் இருந்தது, மலாயில் காஜூஸ் என்பார்கள். பச்சைக் கொட்டையை நசுக்கினால் தோலிலிருந்து ஒரு எண்ணெய் கசியும். அதை முழங்காலுக்குக் கீழே தேய்த்தேன். மறுநாள் கொப்புளம். அதைக் கிழித்து மண்ணைப் போட்டேன். மூன்றாம் நாள் அது கறுத்து, ஓரம் அழுகி, எனக்கே பார்க்கப் பயமாக இருந்தது. அருமையான புண். கலைஞன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே சாமிதான். ஒரு நாள் புண் கழுவிக்கொண்டே, தம் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட முந்திரி எண்ணெய் தேய்த்துக்கொள்வோம் என்று சொல்லி, முன்கையில் ஒரு கறுப்புத் தழும்பைக் காட்டிச் சிரித்தார். என் காலைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

மற்ற மதத்துக்காரன் என்றால் அந்த இடத்தில் ஓடிப்போயிருப்பான். நான் வேதக்காரன். எனக்கு அதைவிடச் சுலபமான வழி தெரிந்திருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லக் கூடாதது மட்டுமில்லை, கேட்டதை வைத்துக்கொண்டு ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. ஆறு வயதில் படித்த பாடம். ஆக, அவர் என் காலைப் பார்ப்பதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிட்டால்?

சாயங்காலம் நொண்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். மரத்தடுப்புக்குப் பின்னால் அவர் காது தெரிந்தது.

"கால்ல முந்திரி எண்ணெய் தேச்சிருக்கேன் சாமி."

"சயாமுக்குப் போகாம இருக்கவா?"

"ஆமாம் சாமி."

"உன் இடத்துல வேற ஒருத்தனைப் போடுவாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்கா?"

"இருக்கு சாமி."

"அப்ப பெரிய கிராணிகிட்ட போயி உண்மையைச் சொல்லுவியா?"

"அது... அது மட்டும் முடியாது சாமி."

"அப்புறம் மனஸ்தாபம் எங்கடா இருக்கு? இங்க எதுக்கு வந்தே?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது.

"என் வாயைப் பூட்ட வந்தியாடா, கோமாளி?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்துப்போய்ச் சொன்னார். பாவப் பொறுத்தல் தரவில்லை. "அந்த வேலையை முடிச்சிட்டு வா. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்" என்றார்.

பார்வையிடும் நாளில் என்னைக் கோவில் வாசலுக்கு முதுகில் சுமந்து போனவர் பக்கத்து வீட்டு அண்ணன். லயத்தில் என் சுவரும் அவர் சுவரும் ஒன்று. மாரியம்மன் பக்தர், வண்டி மாடு மாதிரி உடம்பு, இரண்டு பெண் பிள்ளைகள், அண்ணிக்கு அப்போது ஏழு மாசம். "உன்னைத் தூக்குறதுக்கு மரவள்ளி மூட்டையே தேவலாம்டா. அது வாய் பேசாது" என்று சொல்லிக்கொண்டே இறக்கிவிட்டார்.

"சாமி, இவன் காலு எப்படி?" என்றார் பெரிய கிராணி.

சாமி குனிந்து வேறொருவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "கண்ணு உங்களுக்கும் இருக்கு ஐயா. நீங்களே பாருங்க."

பெரிய கிராணி கட்டை அவிழ்த்தார், மூக்கைப் பிடித்தார், பென்சிலால் என் பெயரை அடித்தார். அடித்த பெயருக்குப் பதில் ஒரு பெயர் வேண்டும், தலை எண்ணிக்கை குறையக் கூடாது. அவர் கண்ணைத் தூக்கியபோது எதிரே தெரிந்தது, என்னைச் சுமந்து வந்த அந்த நல்ல முதுகு.

"நீ திடமா இருக்கியே. நீ போ."

அவ்வளவு நேரந்தான் ஆயிற்று. வெற்றிலை மடிக்கிற நேரம்.

அன்று சாயங்காலம் அண்ணி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்து என் காலில் பற்றுப் போட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்களாவது இங்க இருக்கீங்களே தம்பி, அது போதும். எனக்கு வலி எடுத்தா சாமியாரைக் கூப்பிடவோ மருத்துவச்சியைக் கூப்பிடவோ ஒரு ஆம்பளை வேணும்ல" என்றாள். அவளுடைய பற்றில் புண் ஆற ஆரம்பித்தது. நான் அதன் மேல் மறுபடி எண்ணெய் தேய்த்தேன். இதைச் சிரிப்பாகச் சொல்ல எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன். வரவில்லை.

லாரி வர மூன்று நாள் இருந்தது. ஜெபம் முடிந்ததும் சாமி எல்லாருக்கும் அறிவித்தார்: "லாரி வர்ற வரைக்கும் தினம் சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காந்திருப்பேன். யாரு வேணும்னாலும் வரலாம்." ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னார். என் முகத்தை மட்டும் தாண்டிப் போனார். அதில்தான் எனக்கு வியர்த்தது.

முதல் நாள் போகவில்லை. கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண் பொய்யென்றாலும் வலி நிஜந்தானே. இரண்டாம் நாள் போனேன். சத்தியமாக எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது என்றுதான் போனேன். முழந்தாளிட்டேன்.

"சொல்லுப்பா."

"பக்கத்து வீட்டு அண்ணன் கொல்லையில ரெண்டு மரவள்ளி புடுங்கினேன் சாமி."

"அப்புறம்?"

"ஜெபமாலைல தூங்கிட்டேன்."

"அப்புறம்?"

"பெரிய கிராணி மாதிரி நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சேன்."

"அப்புறம்?"

மூன்றாவது 'அப்புறம்' மிகவும் மெதுவாக வந்தது. இத்தனை பெரிய மனிதர் ஒருத்தர் என்னிடம் ஏதோ கேட்டுக் கையேந்தி நிற்கிற மாதிரி. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'சாமி, நீங்களே போய்ப் பெரிய கிராணிகிட்ட சொல்லிடுங்க' என்று ஒரு அனுமதி. பூட்டு அவர் வாயில், சாவி என் நாக்கில்.

"அவ்வளவுதான் சாமி."

வெளியே ஒரு ஆடு கத்தியது. "சரி, போ" என்றார்.

மூன்றாம் நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கோவில் பக்கம் போன கிழவிகள், சாமி இருட்டும்வரை தனியாக உட்கார்ந்திருந்தார் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

லாரி விடிந்ததும் வந்தது. பெரட்டுக் களத்தில் மொத்தத் தோட்டமும் நின்றது. ஜப்பான் சிப்பாய் ஒருவன் தலைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தான். அண்ணன் கையில் ஒரு மூட்டையோடு ஏறி ஓரத்தில் நின்றார். அண்ணி லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு பெண் பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் என் கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றேன்.

கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். கட்டம் போட்ட கைலி, பொத்தானில்லாத சட்டை, தலையில் துண்டு. பத்தடி நெருங்கும்வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அங்கி இல்லாமல் சாமியை நாங்கள் யாரும் பார்த்ததே கிடையாது. அங்கி இல்லாமல் அவர் எங்களில் ஒருத்தர், இன்னொரு பால்மரக்காரர், அவ்வளவுதான்.

முன்னாலேயே பெரிய கிராணியிடம் பேசியிருக்கிறார் போல. பெரிய கிராணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி லாரியில் கால் வைத்து ஏறி, அண்ணன் தோளைத் தொட்டார்.

"எறங்குப்பா."

"சாமி?"

"அவனுக்குத் தலைதானே வேணும். இது ஒண்ணு இருக்கு. எறங்கு."

"ஐயோ, வேணாம் சாமி. நான் உங்க கோவில் ஆளுகூட இல்ல சாமி."

"அதுக்கென்ன? அங்க நம்ம ஜனங்க சீக்காக் கெடக்குறாங்களாம். புண்ணு கழுவத் தெரிஞ்சவன் இங்க உக்காந்து மரவள்ளி நட்டுக்கிட்டு இருக்கலாமா? எறங்குப்பா, அவன் பாக்குறான்."

அண்ணன் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். அண்ணி அவரைப் பிடித்துக்கொண்டாள். களம் முழுக்க ஒரு அழுகைச் சத்தம் எழும்பியது.

அப்போதும் நேரம் இருந்தது. இன்ஜினை இன்னும் முடுக்கவில்லை. என் கோலை எறிந்துவிட்டு நாலு எட்டு வைத்தால் லாரி. புண் வலித்தாலும் என்னால் ஓட முடியும். சாமி லாரிமேல் நின்று, அத்தனை நாளில் முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது:

"கைலியை இறுக்கிக் கட்டுங்க, சாமி! சயாம் எல்லையில அவுந்துடப் போகுது!"

அழுதுகொண்டிருந்த கூட்டம் குபீரென்று சிரித்தது. அண்ணன்கூடச் சிரித்தார். சாமியும் சிரித்தார். இரண்டு கையாலும் கைலியை அவிழ்த்து, இறுக்கி, மறுபடி கட்டிக் காட்டினார். லாரி கிளம்பியது. எல்லாரையும் பார்த்துச் சிலுவை போட்டு ஆசீர்வதித்துக்கொண்டே போனார்.

இதுதான் கைலிக் கதை. இதில் கடைசிப் பகுதிக்குத்தான் கறிபாப்.

சண்டை முடிந்து எங்கள் தோட்டத்துக்கு இரண்டு பேர் திரும்பினார்கள். அவர்கள்தான் சொன்னார்கள். வாந்திபேதி கண்டவர்களைக் காட்டோரம் ஒரு கொட்டகையில் போட்டுவிடுவார்களாம். சிப்பாய்கூட அதற்குள் நுழைய மாட்டானாம். சாமி உள்ளேயே குடியேறிவிட்டார். தண்ணீர் காய்ச்சி ஒவ்வொரு வாயிலும் ஊற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், வேறு மதத்து ஆட்களுக்கு அவரவர் சாமி பேரைக் காதில் சொன்னார். கடைசியில் அவருக்கும் வந்தது. மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். தனிக் குழி இல்லை.

இதனால் அவர் வேதசாட்சியா இல்லையா என்று எங்கள் கோவிலில் ஒரு வழக்கு உண்டு. வாந்திபேதியில் செத்தவர் எப்படி வேதசாட்சி ஆவார், விசுவாசத்துக்காக யாரும் அவரை வெட்டவில்லையே என்று உபதேசியார் சொல்வார். அவர் எந்த இரகசியத்துக்குச் சாட்சியாக வாயை மூடிக்கொண்டு லாரி ஏறினார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் கோப்பி குடித்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு லா" என்பேன். சில நேரம் எனக்கு நானே இப்படியும் சொல்லிக்கொள்வேன்: எப்படியும் போயிருப்பார், லாரியில் அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்த ஆறுதல் வேப்பிலைப் பற்று மாதிரி, ஆறுகிற மாதிரி இருக்கும், நான்தான் மறுபடி எண்ணெய் தேய்ப்பேன்.

வேறு சாமியாரிடம் ஒரு தடவை சொன்னேன். பினாங்கிலிருந்து வந்தவர், அவசரத்தில் இருந்தார். இரண்டே நிமிஷத்தில் மன்னித்து, பத்து அருள் நிறைந்த மந்திரம் அபராதம் கொடுத்தார். எனக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள்.

அண்ணனுக்கு அந்த வருஷம் பையன் பிறந்தான். மாரியம்மன் கோவிலில் முடியிறக்கிவிட்டு எங்கள் சாமியின் பெயரையே வைத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வந்து கோவில் கடைசியில் கைகட்டி நிற்பார். "உன் புண்ணுதான்டா என் பேரை இழுத்து விட்டுச்சு. நீ என்னடா செய்வே பாவம்" என்று என் முதுகில் தட்டுவார். அந்தக் கை கனமான கை. போன வருஷம் இறந்துபோனார். கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை.

அவர் பையனுக்கு இப்போது நாற்பது வயது. செனாயில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். இந்த மாதம் எங்கள் புதுச் சாமியார் டேப் ரிக்கார்டரோடு வீட்டுக்கு வந்தார், பழைய சாமியைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதி ஆயருக்கு அனுப்பப் போகிறார்களாம். நான் கைலிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். பிறகு நிறுத்தும் பட்டனை அமுக்காமல், "அப்புறம் ஐயா?" என்றார்.

"அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தேன் இதை எழுத.

புதுச் சாமியாருக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்க வேண்டியவன் வேறொருவன் என்று பட்டது. நேற்று அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "என்ன சித்தப்பா, உயிலா? எனக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். காகிதத்தைக் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் மெதுவாகத்தான் வரும். கை வைத்து வரி வரியாகப் படித்தான். கோப்பி ஆறியது. முதுகு வருகிற இடத்தில் ஒரு தடவை நிறுத்தினான், அண்ணி பற்றுப் போடுகிற இடத்தில் ஒரு தடவை.

முடித்துவிட்டு, "காட்டுங்க" என்றான்.

வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினேன். அந்தத் தழும்பு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. குனிந்து பார்த்தான். எனக்குத் தொண்டைவரை மூன்று தமாஷ் தயாராக வந்து நின்றது. நல்ல தமாஷ், மூன்றும். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் எழுந்து, இரண்டு கோப்பிக் கோப்பைகளையும் குழாயடியில் கழுவிக் கவிழ்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். அப்பாவின் முதுகு அப்படியே.

"ஞாயித்துக்கிழமை பூசைக்கு வேன் கொண்டாறேன்" என்றான், திரும்பாமல். "அதைச் சாமியார்கிட்ட நீங்கதான் கொடுக்கணும். நான் கொடுக்க மாட்டேன்."